உழைத்துக் கற்றல்

நன்னூலார் பாடங் கேட்டற்கு உரியார் இவர் எனத் தொகுத்துக் கூறுமிடத்து அறுவரைச் சுட்டுகின்றார். தன் மகன், தன் ஆசிரியனின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், உரைத்ததை விரைந்து பற்றிக்கொள்ளும் ஆற்றலுடையவன் என்போர் அவ்வறுவர். முதல் மூவரும் பிறப்பினால் உரிமை பெற்றவர்கள். நான்காமவன் பொருளினாலும் ஆறாமவன் அறிவினாலும் உரிமை பெற்றவர்கள். பிறப்பும் பொருளும் வாய்க்காத சாதாரண மாணாக்கனுக்குத் திறந்திருந்த வாயில் ஐந்தாவது ஒன்றே. வழிபாடு என்பது கைகூப்பி நிற்றல் மாத்திரமன்று. விறகு பிளத்தல், நீர் சுமத்தல், பசு மேய்த்தல், ஆசிரியரின் வயலிலே களை பிடுங்கல் என்றிவையெல்லாம் அச்சொல்லினுள் அடங்கிக் கிடந்தன என்பது குருகுல வாழ்க்கையைப் பற்றிக் கேள்விப்பட்டார்க்குப் புதிதன்று. அஃதாவது, காசு கொடுக்க இயலாதவன் தன் உழைப்பைக் கொடுத்துக் கற்றான்.

அந்நூலே பாடஞ் சொல்லத் தகாதவர் பட்டியலில் ‘ஏழை’ என்றொரு சொல்லை வைத்திருக்கிறது. வகுப்பிலே அவ்விடம் வரும்பொழுதெல்லாம் ஒரு மாணவனாவது தலை நிமிர்ந்து பார்ப்பதுண்டு. அங்கே ஏழை என்றது வறியவனை அன்று, அறிவு முதிராதவனை என்று விளக்க வேண்டியிருக்கிறது. திருக்குறளிலும் அச்சொல் அறிவிலி என்ற பொருளிலேயே வந்துள்ளது. பிற்காலத்தார் வறுமைக்கும் அறியாமைக்கும் ஒரே சொல்லைப் போதுமென்று விட்டுவிட்டனர் போலும். அது சொல்லின் வரலாறு மட்டுமன்று, ஊரின் வரலாறுமாகும்.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதியோடு கல்வி இலவசமாயிற்று. கன்னங்கராவின் முயற்சியால் வந்த அந்த ஏற்பாடு நன்னூலாரின் அறுவரையும் ஒரே வாங்கில் அமர்த்திவிட்டது. கட்டணம் இல்லை, பாடநூலுக்குக் காசு இல்லை, சீருடைத் துணிக்கும் காசு இல்லை. எனினும் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிலே வரவுப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் எந்த ஆசிரியரும் தை, மாசி மாதங்களில் அதன் பக்கங்கள் எப்படி இருக்கும் என்பதை அறிவர். இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து விளைந்த பெரும்போக நெல் அறுவடைக்கு வருங்காலம் அது. அரிவாள் பிடித்த காலம் போய் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் மூடை தைக்கவும் ஏற்றவும் நெல் காயவைக்கவும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் தோள்கள் இன்னும் வேண்டியிருக்கின்றன. பூநகரிப் பக்கத்துப் பையன் கடலுக்குப் போகிறான். தாய் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீட்டில் மூத்த பெண்பிள்ளை அடுப்படியை ஏற்றுக்கொள்கிறாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கொப்பியும் சப்பாத்தும் பஸ் கட்டணமும் ஒருங்கே ஏறியமை இவ்வரிசையை இன்னும் நீட்டிற்று.

இவர்கள் படிப்பை வெறுத்தவர்கள் அல்லர். வேலையையும் படிப்பையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள இடமில்லாததால் ஒன்றை விட்டவர்கள். ஆகவே, வேலையையே படிப்புக்கு உள்ளே கொண்டுவந்து வைத்த ஒரு பாடசாலை எங்காவது உண்டா என்று தேடுவது வீண் ஆராய்ச்சியாகாது. அப்படி ஒன்று உண்டு. அது நமக்கு மிகத் தொலைவிலே, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.

சிக்காகோவின் பில்சன் என்னும் பகுதியில் மெக்சிக்கோ நாட்டிலிருந்து குடியேறிய தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அங்குள்ள பிள்ளைகள் உயர்நிலைக் கல்வியை முடிக்காமலே விலகிச் செல்வதைக் கண்ட யேசுசபைத் துறவிகள் அவர்களுக்கென ஒரு கத்தோலிக்க உயர்பாடசாலை நிறுவ எண்ணினர். தனியார் பாடசாலை நடத்துவதற்கு அந்நாட்டில் பெரும்பொருள் வேண்டும். அப்பெற்றோரால் அதைக் கொடுக்க இயலாது. செல்வர்களின் நன்கொடையை மட்டும் நம்பினால் இரண்டொரு ஆண்டில் பாடசாலை தள்ளாடும். இந்த முட்டுச்சந்தில் நின்றபொழுதே, மாணாக்கர் தாமே வேலைசெய்து கட்டணத்தை ஈட்டினால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிவிட்டுத் தம் பிறந்த நகருக்குத் திரும்பியிருந்த ஜோன் ஃபோலி அடிகளார் அப்பாடசாலையின் முதல் தலைவரானார். பாடசாலைக்கு இட்ட பெயர் ‘கிறிஸ்தோ ரே’. ஸ்பானிய மொழியில் கிறிஸ்து அரசர் என்பது பொருள்.

அவர்கள் வகுத்த முறை கணக்கிலே மிக எளியது. அதன் அழகும் அதுவே. நகரத்துக் கந்தோர் ஒன்றில் கடைநிலை எழுதுவினைஞர் வேலை ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வேலையை நான்கு மாணாக்கர் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொருவரும் மாதத்தில் ஐந்து நாள் வேலைக்குச் செல்வர். நாலைந்து இருபது, ஒரு மாதத்து வேலைநாட்கள் நிறைந்துவிடும். கந்தோருக்கு முழுநேர ஆள் ஒருவர் கிடைத்த கணக்கு. கந்தோர் அந்த வேலைக்குரிய ஊதியத்தைக் கொடுக்கும். அந்த ஊதியத்தை மாணாக்கர் தம் கல்விச் செலவுக்கென எழுதிக்கொடுப்பர். எஞ்சிய ஒரு பகுதியை நன்கொடை நிரப்பும். பெற்றோர் தம் வருவாய்க்கு ஏற்பச் சிறுதொகை கொடுப்பர். வேலைக்கு அமர்த்துவதற்கென்றே பாடசாலையின் துணையாக ஒரு தனி அமைப்பு இருக்கின்றது. மாணாக்கரை வேலையிடத்துக்கு ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவருவது, கந்தோர் மேலாளரிடம் மாணாக்கரைப் பற்றிய மதிப்பீட்டைப் பெறுவது, வரிக்கணக்கு எழுதுவது எல்லாம் அதன் பொறுப்பு.

வகுப்பு நடைபெறும் நாட்களின் நேரத்தை நீட்டியும் ஆண்டின் நாட்களைக் கூட்டியும் இழந்த பொழுதை ஈடுசெய்தனர். முதலாண்டு மாணாக்கன் பதினான்கு வயதினன். அவன் வேலைக்குச் செல்லுமுன் கோடை விடுமுறையில் சில வாரங்கள் பயிற்சி பெறுகின்றான். தொலைபேசியை எடுத்தால் எப்படிப் பேசுவது, கைகுலுக்கும்போது எங்கே பார்ப்பது, கோவைகளை எவ்வாறு அடுக்குவது, கழுத்துப்பட்டி எவ்வாறு கட்டுவது என்பவை அப்பயிற்சியில் அடங்கும். சிரிப்பு வரலாம். ஆனால் நம் பிள்ளைகளுள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள்கூட நேர்முகப் பரீட்சையில் வாய் குளறி நிற்பதைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அப்பிள்ளைகள் செய்யும் வேலை பெரிதன்று. கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தல், தாள்களைக் கணினியில் ஏற்றுதல், கோவை தேடிக் கொடுத்தல் போன்றவையே. பெரிது எதுவெனில் அவ்வேலை நடக்கும் இடம். சட்டத்தரணிகளின் நிறுவனங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் உள்ளே அவர்கள் செல்கின்றார்கள். தந்தை அக்கட்டடத்தில் இரவிலே தரை துடைத்துவிட்டு வெளியேறியிருக்கலாம். மகள் பகலிலே அதே கட்டடத்தின் முன்வாயிலால் நுழைந்து மேசையொன்றின் முன் அமர்கிறாள். சட்டத்தரணி என்பவர் எப்படிப் பேசுவார், எதைப் படித்து அங்கு வந்தார், தவறு நேர்ந்தால் என்ன செய்வார் என்பவற்றைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். பாடநூல் தரமுடியாத கல்வி இது. கட்டணம் தேடத் தொடங்கிய ஏற்பாடு கல்வியாகவே மாறிவிட்டதென்பது அதை நடத்தியவர்கள் பின்னர் கண்டுகொண்ட உண்மை.

தமிழாசிரியன் என்ற முறையில் என் கருத்தைப் பெரிதுங் கவர்ந்தது வேறொன்று. அப்பாடசாலை தொடக்கத்திலேயே ஸ்பானியம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் கற்பிக்கத் துணிந்தது. வேலைக்கு வேண்டிய மொழி ஆங்கிலமாயிருந்தும் வீட்டு மொழியை அவர்கள் வாசலிலே கழற்றி வைக்கச் சொல்லவில்லை. தொழிற்கல்வி என்றவுடன் இலக்கியத்தையும் தாய்மொழியையும் முதலில் வெட்டுகின்ற நம்மவர்கள் இதை ஊன்றி நோக்குதல் நன்று.

2001ஆம் ஆண்டில் இம்முறையைப் பின்பற்றும் பாடசாலைகள் ஒரு வலையமைப்பாக இணைந்தன. இன்று அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ நாற்பது பாடசாலைகள் இவ்வமைப்பில் உள்ளன. கத்தோலிக்க மாணாக்கர் மட்டுமே என்ற வரையறை இல்லை. குறைந்த வருவாயுடைய குடும்பம் என்பதே வரையறை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பணம் கட்டத் தயாராயிருந்தாலும் அங்கே இடமில்லை. நன்னூலாரின் நான்காமவனை வெளியே நிறுத்திய பாடசாலை இது எனலாம்.

இனி, இதை எதிர்ப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும். சிறுவரை வேலைக்கு அனுப்பி அவர் உழைப்பை நிறுவனங்களுக்கு விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வசதியுள்ள பிள்ளை ஐந்து நாளும் படிக்க, இல்லாதவன் மட்டும் ஏன் கட்டணத்துக்கு உழைக்க வேண்டும்? இவை புறந்தள்ளக்கூடிய வினாக்கள் அல்ல. அமெரிக்கச் சட்டத்தின்படி பதினான்கு, பதினைந்து வயதினர் பாடசாலை நேரத்தில் வேலைசெய்யக் கூடாது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஒழுங்குவிதிகளில் கல்வியோடு பிணைந்த இத்தகைய திட்டங்களுக்கென வரையறுத்த விலக்கொன்று சேர்க்கப்பட்டது. சட்டமே விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து, இதன் எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். அதைக் காப்பது எது? வேலை இலேசானதாக, பாதுகாப்பானதாக, கற்கத்தக்கதாக இருப்பது ஒன்று. ஊதியம் எங்கே செல்கிறது என்பது மறைவின்றி இருப்பது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் பள்ளிக்கூடம் கங்காணியாகிவிடும்.

கத்தோலிக்கத் துறவிகளுக்கு இந்த அச்சம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியின் தூரின் நகரில் டொன் பொஸ்கோ என வழங்கும் அருட்தந்தை தெருப்பிள்ளைகளைச் சேர்த்துத் தொழில் பழக்கினார். முதலில் அவர் அவர்களை நகரத்துப் பட்டறைகளுக்கே அனுப்பினார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. 1850களின் தொடக்கத்தில் அவர் முதலாளிகளோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் இன்றும் உள்ளன. பிள்ளையைச் சொல்லால் திருத்த வேண்டுமேயன்றி அடிக்கக் கூடாது; பழகவந்த தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலை வாங்கக் கூடாது; ஞாயிறும் திருநாளும் ஓய்வு கொடுக்க வேண்டும்; பழகப் பழக ஊதியம் உயர வேண்டும் என்பவை அவற்றிலுள்ள நிபந்தனைகள். முதலாளியும் பையனும் அவன் தந்தையும் கையெழுத்திடப் பக்கத்தில் டொன் பொஸ்கோவும் பொறுப்பாளராகக் கையெழுத்திட்டார். பின்னர் பட்டறைகளிலே நடந்த கொடுமைகளைப் பார்த்துச் சலித்து, 1853ஆம் ஆண்டு முதல் சப்பாத்துத் தைத்தல், தையல், நூல் கட்டுதல், தச்சு, அச்சு எனத் தம் இல்லத்திலேயே தொழிற்கூடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அவர் வழிவந்த சலேசியத் துறவிகள் 1956இல் இலங்கைக்கு வந்தனர். நமக்கு அயலே மன்னார் மாவட்டத்து முருங்கனிலும் அவர்களின் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு.

அமெரிக்க யேசுசபையாருக்கும் நம் கிழக்குக்கும் உள்ள தொடர்பை மட்டக்களப்பார் மறவார். லூயிசியானாவில் பிறந்த யூஜின் ஹெபேர்ட் அடிகளார் 1948இல் இந்நாட்டுக்கு வந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் புகழ்பெற்றார். பின்னர் கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிலையத்தைப் பொறுப்பேற்று, பரீட்சையில் தவறிய, படிப்பை இடைவிட்ட இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்தார். தமிழன், முஸ்லிம் என்ற வேற்றுமை அந்தப் பட்டறையில் இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். உடன்சென்ற தமிழ் இளைஞனும் திரும்பவில்லை. காணாமற்போனோரின் உறவினர் ஆண்டுக் கணக்காக வீதியோரம் அமர்ந்திருக்கும் கிளிநொச்சியில் இருந்துகொண்டு இச்செய்தியை ஒரு வரியில் எழுதிக் கடந்துபோக மனம் வரவில்லை.

வேலையோடு கல்வி என்றவுடன் நம்மவர் நினைவு வார்தாவுக்கும் செல்லும். 1937ஆம் ஆண்டு ஒக்டோபரில் காந்தியடிகள் அங்கே கூட்டிய மாநாட்டில், நூற்றல் முதலிய கைத்தொழில் ஒன்றை நடுவாக வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிப்பதென்றும், பிள்ளைகள் ஆக்கும் பொருளே காலப்போக்கில் ஆசிரியரின் சம்பளத்துக்கு உதவுமென்றும் கருத்து முன்வைக்கப்பட்டது. சாகிர் உசேன் தலைமையிற் குழுவொன்று பாடத்திட்டம் வகுத்தது. பிள்ளையின் கையுழைப்பு ஆசிரியரின் சம்பளமாகுமானால், ஆசிரியர் பிள்ளையிடம் எதைக் கேட்பார்? விடை சொல்லும் வாயையா, நூல் நூற்கும் கையையா? இந்த ஐயம் அன்றே எழுந்தது. நம் நாட்டிலும் 1930களில் கண்டிக்கு அயலேயுள்ள ஹந்தெசவில் கிராமியத் தொழிலோடு இணைந்த கல்விமுறையொன்று கன்னங்கராவின் ஆதரவோடு நடைபெற்றது. அது நாடெங்கும் வேர்கொள்ளவில்லை. பெற்றோர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் விரும்பினர்; மண்வெட்டியை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம் என்றனர். அவர்கள் சொன்னதைப் பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்னை மாகாணத்தில் 1953இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திருத்தத்தை இங்கே கூறாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. கிராமப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் அவர்கள் தம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அத்திட்டம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். 1954இல் இராசகோபாலாச்சாரியார் பதவி விலகக் காமராசர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். இடமின்மையும் ஆசிரியரின்மையும் அத்திட்டத்துக்குக் காரணங் காட்டப்பட்டன. காரணம் எதுவாயினும், அதன் விளைவு ஒன்றே: குயவன் மகன் சக்கரத்துக்கும் வண்ணான் மகன் துறைக்கும் திரும்புவான், கணக்கர் மகன் கணக்குக்குத் திரும்புவான்.

சிக்காகோ முறையைக் குலக்கல்வியிலிருந்து பிரித்துக் காட்டும் கோடு இங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் பிள்ளை வேலை செய்கிறது. ஒன்று தந்தையின் தொழிலுக்கு அனுப்புகிறது. மற்றொன்று தந்தை ஒருநாளும் அமர்ந்திராத மேசைக்கு அனுப்புகிறது. சாதிப்படி தொழில் வகுத்திருந்த சமுதாயத்தில் இவ்வேறுபாடே முழு வேறுபாடு. சங்கப் புலவரின் பெயர்களைப் பாருங்கள்: கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், அறுவைவாணிகன் இளவேட்டனார், கொல்லன் வெண்ணாகனார். கூலம் விற்றவரும் துணி விற்றவரும் இரும்படித்தவரும் செய்யுள் யாத்தனர். தொழிலைப் பெயரோடு வைத்துக்கொண்டே புலமையையும் பெற்றனர். பிற்காலத்திலே தொழிற்பெயர் நிலைத்தது. புலமை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. வன்னியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1958, 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களுட் பல, காணியின்றி நாட்கூலிக்கே வாழ்ந்துவந்தன. அக்குடும்பத்துப் பிள்ளைக்கு ‘தொழிலோடு கல்வி’ என்று சொல்லி மறுபடியும் மண்வெட்டியையே கொடுப்போமானால், அதைக் கல்வி என்று கூற நமக்கு உரிமையில்லை.

கிளிநொச்சியில் இன்று இருப்பது என்ன? கத்தோலிக்கச் சபையார் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கத்தின் கைக்கு மாறின. புனிதர் பெயர் தாங்கிய கல்லூரிகள் இங்குண்டு. கிளிநொச்சிப் புனித திரேசா பெண்கள் கல்லூரியைப் போல அவை அரசாங்கப் பாடசாலைகளே. ஆகவே சிக்காகோவில் நடந்தது போலத் துறவிகள் தாமே பாடசாலை நிறுவி நடத்துவது இங்கே எளிதன்று; கட்டணமில்லாத நாட்டில் அதற்குத் தேவையும் குறைவு. அறிவியல் நகரிலே 2016இல் திறக்கப்பெற்ற இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் உண்டு. ஜேர்மனியில் நெடுங்காலமாக வழங்கும், பாதி வகுப்பும் பாதி தொழிலகமுமான முறையின் சாயல் அதில் காணப்படும். மோட்டார் வண்டித் தொழில், மின்தொழில், உணவுத் தொழில் முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. போரினால் உருக்குலைந்த நகருக்கு அது நற்பேறே. பாடசாலைகளிலும் 2017ஆம் ஆண்டு பதின்மூன்றாண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் நாடு முழுவதிலும் 42 பாடசாலைகளில் தொடங்கப்பட்டது. சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடைந்தாலும் அடையாவிட்டாலும் மாணாக்கன் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லலாம். தாய்மொழி முதலிய பொதுப்பாடங்களோடு 26 தொழிற்பாடங்களுள் தெரிந்ததைப் பயின்று, தொழிலிடப் பயிற்சியும் பெறலாம். இத்திட்டம் நம்மவரிடையே போதிய மதிப்பைப் பெறவில்லை. ‘சோதனை பாசில்லாத பிள்ளையளின்ரை வகுப்பு’ என்று ஊரார் பெயரிட்டுவிட்டனர். ஒரு கல்விமுறையைக் கொல்வதற்கு அதைத் தோற்றவர்களுக்குரியதென்று சொல்லுவதை விட வேறு கருவி வேண்டியதில்லை. சிக்காகோவில் அது நேராதிருக்கக் காரணம், அங்கே வேலைசெய்யும் மாணாக்கரே பல்கலைக்கழகத்துக்கும் ஆயத்தம் செய்யப்படுகின்றனர் என்பதே. தொழிலுக்கு ஒரு வகுப்பு, பல்கலைக்கழகத்துக்கு ஒரு வகுப்பு என்ற பிரிவினை அங்கில்லை.

சட்டத்தைப் பொறுத்தமட்டில் நம் நாடு அமெரிக்காவினும் கண்டிப்பானது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தியது. கட்டாயக் கல்வியின் எல்லையும் பதினாறே. ஆதலால் இங்கே இம்முறை பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வகுப்புகளுக்கே பொருந்தும். அதிலே எனக்கு வருத்தமில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வேலையைவிட நித்திரையே அதிகம் வேண்டும்.

பெருந்தடை வேறிடத்தில் உள்ளது. சிக்காகோ ஆயிரக்கணக்கான கந்தோர்களையுடைய மாநகரம். கிளிநொச்சியோ கண்டி வீதியின் இருபுறமும் நீண்டு கிடக்கும் ஒரு சிறு நகர். கச்சேரியும் பிரதேச செயலகமும் வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆனால் ஒரு மாணாக்கனை ஊதியத்துக்கு அமர்த்த அவற்றுக்குக் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வரவேண்டும். 2009க்குப் பின் வங்கிகள் வரிசையாக வந்தன. கூட்டுறவுச் சங்கங்களும் அரிசி ஆலைகளும் அச்சகங்களும் உள்ளன. ஆடைத் தொழிற்சாலைகள் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் கணக்குப் பகுதிக்கும் களஞ்சியப் பகுதிக்கும் மாணாக்கரை அனுப்பலாமேயன்றித் தையல் வரிசைக்கு அனுப்புவதை நான் ஒப்பேன். எண்ணிப் பார்த்தால் இருபது, இருபத்தைந்து இடங்கள் தேறலாம். ஓரிடத்துக்கு நால்வர் என்றால் எண்பது, நூறு பிள்ளைகள். சிறு தொகைதான், ஆயினும் இரண்டு பாடசாலைகளின் உயர்வகுப்புகளைத் தாங்கப் போதும்.

இவற்றையெல்லாம் பெற்றோர் சிலரிடம் ஒரு மாலைப்பொழுதிலே சொல்லிப் பார்த்தேன். சிக்காகோவையும் யேசுசபையையும் அவர்கள் பொறுமையாகக் கேட்டனர். முதற்கேள்வி கேட்டவர் ஒரு விவசாயி.

“எல்லாஞ் சரி சேர், அந்தக் காசு ஆரின்ரை கையிலை வரும்?”

கட்டணம் இல்லாத நாட்டில் பாடசாலைக்கு எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கில் விழ வேண்டும், மாதத்துக்கு ஒரு பங்கை வீட்டுச் செலவுக்கும் பஸ்ஸுக்கும் எடுக்கலாம், மிச்சம் பிள்ளை பதின்மூன்றாம் வகுப்பை முடித்த பின்னரே என்றேன். அவர் யோசித்துவிட்டு, அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு மூடை ஏற்றினால் கிடைக்கும் கூலியைச் சொன்னார். கந்தோர் கொடுக்கக்கூடியது அதைவிடக் குறைவு. “ஆனா இது வருசம் முழுக்க வரும் என்ன?” என்று தாமே கணக்கைத் திருத்திக்கொண்டார். அவர் கணக்கு என் கணக்கிலும் தெளிவானது.

பின்வரிசையில் இருந்த தாயொருத்தி கேட்டதே எனக்குப் பெருங்கேள்வியாகப் பட்டது. “பிள்ளை வேலைக்குப் போற நாளிலை வகுப்பிலை நடந்த பாடத்தை ஆர் திருப்பிப் படிப்பிக்கிறது சேர்? ரியூசனுக்கு அனுப்ப எங்களட்டைக் காசில்லை.”

இதற்குச் சிக்காகோவிலேயே விடை இருக்கிறது. அங்கே ஒரு வகுப்பில் நால்வர் செல்ல மற்றவர் தங்குவதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கிழமை, பத்தாம் வகுப்புக்கு ஒரு கிழமை என வகுப்பு முழுவதும் ஒரே நாளில் வேலைக்குச் செல்கிறது. நான்கு வகுப்புக்கு நான்கு நாட்கள். எஞ்சிய ஐந்தாம் நாள் முறைவைத்து வகுப்புகளிடையே சுழல்கிறது. அதனாலேயே மாதத்துக்கு ஐந்து நாட்கள் என்ற கணக்கு வந்தது. வேலைநாளில் அவ்வகுப்பிற்குப் பாடமே நடப்பதில்லையாதலால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் தவறுவதில்லை. இங்கே இரண்டு வகுப்புகளே. பன்னிரண்டாம் வகுப்புச் செவ்வாயில் சென்றால் பதின்மூன்றாம் வகுப்பு வியாழனில் செல்லலாம். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய தவணையில் பதின்மூன்றாம் வகுப்பை விட்டுவிடலாம்.

அன்றிரவு எங்கள் பாடசாலை நேரசூசியை எடுத்து வைத்துப் பார்த்தேன். செவ்வாயிற் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம் இரண்டு வேளை வருகிறது. ஒன்றைப் புதனில் முதல் வேளைக்கு மாற்ற இடமிருக்கிறது. மற்றொன்றுக்குப் பாடசாலை விட்டபின் முக்கால் மணிநேரம் நாங்கள் இருக்க வேண்டும். பூநகரிக்குச் செல்லும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.